கடை கைமாறிய பின் கொள்கை



முகப்பூச்சு விற்கும் நிறுவனத்துக்கு அரசியல் இருக்கிறதா என்று இன்று யாரும் கேட்பதில்லை. 2018இல் இங்கிலாந்தின் லஷ் நிறுவனம், போராட்டக் குழுக்களுக்குள் உளவுக் காவலர்கள் புகுந்ததைக் கண்டித்துத் தன் கடைக் கண்ணாடிகளிலேயே சுவரொட்டி ஒட்டியது. அந்த அரசியலை எதைக் கொண்டு அளப்பது என்பதே என் பேச்சு. அதற்கு அழகுப் பொருள் விற்கும் தி பாடி ஷாப்பை எடுத்துக்கொள்கிறேன்.

1976இல் பிரைட்டன் நகரில் அனிதா ராடிக் 4,000 பவுண்டு கடனில் அதன் முதல் சிறு கடையைத் திறந்தார். 1986இல் கிரீன்பீஸ் அமைப்போடு சேர்ந்து திமிங்கலங்களுக்காகப் பிரச்சாரம் செய்தார். நைஜீரியாவில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தை எதிர்த்து நின்ற ஓகோனி மக்கள் பக்கமும், 1995இல் தூக்கிலிடப்பட்ட எழுத்தாளர் கென் சாரோ-விவா பக்கமும் வெளிப்படையாக நின்றார். எண்ணெய்க் கம்பெனியோடு மோதுவதால் ஒரு சோப்புக்கட்டிகூடக் கூடுதலாக விற்காது என்பதை நினைத்தால், அது வெறும் விளம்பர உத்தி என்று தள்ளிவிட முடியவில்லை.

தள்ளியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் ஜான் என்டைன் 1994இல் எழுதிய கட்டுரை, நிறுவனத்தின் பிறப்புக் கதையையே ஐயுற்றது. அந்தப் பெயரில் 1970இலேயே கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு கடை இருந்தது; ராடிக் தரப்பு 1987இல் 35 லட்சம் டாலர் கொடுத்து அதன் உரிமையை வாங்கியது. நிறுவனர் உண்மையானவரா, நடிகரா என்ற இந்த விசாரணை சுவையானதுதான். ஆனால் பயன் குறைவு. ராடிக் தன் சொத்தை மகள்களுக்கு வைக்காமல் அறப்பணிகளுக்கே விட்டுச் சென்றவர். அவர் மனத்தை ஐயுற எனக்குக் காரணமில்லை.

சிக்கல் வேறிடத்தில். 1984இலேயே நிறுவனம் பங்குச் சந்தைக்குப் போய்விட்டது. 2006இல் 652 மில்லியன் பவுண்டுக்குப் பிரெஞ்சு அழகுப் பொருள் நிறுவனமான லோரியல் அதை வாங்கியபோது, ராடிக் தம்பதியிடம் இருந்தது ஏறத்தாழ 18 விழுக்காடு பங்குதான். லோரியலின் நிறுவனர் யூஜின் ஷூலர், 1930களில் லா காகுல் என்ற தீவிர வலதுசாரி இரகசியக் குழுவுக்குப் பணம் தந்தவர். லோரியலில் நெஸ்லேக்கும் பெரும்பங்கு இருந்தது. நிறுவனங்களின் நெறியை மதிப்பிடும் எதிக்கல் கன்ஸ்யூமர் இதழ், பாடி ஷாப்புக்குத் தந்திருந்த மதிப்பெண்ணை 20க்கு 11 என்பதிலிருந்து 2.5க்கு இறக்கியது. ஒரு களிம்பின் கலவைகூட மாறவில்லை, உரிமையாளர்தான் மாறினார். அப்படி இறக்கியது நியாயமே என்பேன். ராடிக்கோ, தான் லோரியலுக்குள் போகும் ட்ரோஜன் குதிரை என்றார்.

ஆள் மாறினாலும் வாக்கு நிற்பதை அளக்க நம்மிடம் ஒரு பழைய அளவுகோல் உண்டு. சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தாவிளக்கு வைத்தவர், கூடவே 96 ஆடுகளையும் விட்டார். நெய் நிற்கக்கூடாது, ஆட்டை வாங்கிக்கொண்டவனின் வழியினரும் அளந்தாக வேண்டும். கல்வெட்டு விளக்கின் அழகைப் பாடவில்லை, பொறுப்பை எழுதியது. கடை கைமாறினாலும் நிற்கும்படி பாடி ஷாப் விட்ட ஆடுகள் எவை?

ஒன்று சட்டம். விலங்குச் சோதனைக்கு எதிராக அது திரட்டிய 40 லட்சம் கையெழுத்துகள் 1996இல் ஐரோப்பிய ஆணையத்துக்குப் போயின. பல அமைப்புகளின் நீண்ட உழைப்பும் சேர்ந்து, 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் அப்படிச் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையையே தடுத்தது. 2014இல் இந்தியாவும் சோதனைக்கும் இறக்குமதிக்கும் தடை போட்டது. கடையை யார் வாங்கினாலும் இதை மாற்ற முடியாது.

மற்றொன்று கொள்முதல். நம் மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் டெட்டி எக்ஸ்போர்ட்ஸ் நெடுங்காலமாக உடல் பிடித்துவிடும் மரக் கருவிகளையும் துணிப்பைகளையும் அவர்களுக்குச் செய்து தந்தது. நியாய வணிகம் என்ற சொல் அங்கே கூலியாகவும் பள்ளியாகவும் மாறியது. ஆனால் இதற்குச் சட்டத்தின் காவல் இல்லை. 2017இல் பிரேசிலின் நட்டூரா, 2023 முடிவில் முதலீட்டு நிறுவனமான ஆரேலியஸ் என்று கடை கைமாறியது. 2024 பிப்ரவரியில் அதன் பிரிட்டன் நிறுவனம் திவால் நிர்வாகிகளின் பொறுப்புக்குப் போனது. அப்படிப் போகும் நிறுவனத்துக்குக் கடனாகச் சரக்கு அனுப்பியவர், ஈடு பிடித்த கடன்காரர்களுக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க முடியும்.

அதே ஆண்டு செப்டம்பரில் இன்னொரு முதலீட்டுக் குழு அதை வாங்கியது. கொள்கை தொடரும் என்று அவர்கள் சொன்னால், திருமங்கலம் போன்ற ஊர்களோடு எத்தனை ஆண்டுக்கு ஒப்பந்தம், முன்பணம் எவ்வளவு, கடையை மறுபடி விற்றால் வாங்குபவரை அது கட்டுப்படுத்துமா என்று மூன்று விவரம் கேட்கலாம்.