பிரிந்த பிறகு பிள்ளை யார் சாதி?

(சாதி மறுப்புத் திருமணம் குறித்த மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசியவர்கள் சாதி மறுப்புத் திருமணங்களை நடத்திவைப்பது பற்றிப் பேசினார்கள். அப்படி ஒரு திருமணத்தில் பிறந்தவள் நான். அது முறிந்தபோது எனக்கு ஆறு வயது. எனவே, நாம் பேசத் தயங்கும் பகுதியைப் பேசுகிறேன்.

ஏன் தயங்குகிறோம்? "அன்றைக்கே சொன்னோமே" என்று சாதிக்காரர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். ஒரே சாதிக்குள் செய்த திருமணங்களும்தான் முறிகின்றன. மணவிலக்கு உரிமையை 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே கேட்டவர்கள் நாம். முறிவதில் அவமானம் இல்லை. முறிந்த பிறகு தாயையும் பிள்ளையையும் தனியாக விடுவதுதான் அவமானம்.

என் அம்மா பட்டியல் சாதி, அப்பா ஊர்த்தெரு. பிரிந்தபின் காலனியில் ஆயா வீட்டில் வளர்ந்தேன். அப்பா வீட்டார் என்னைக் கேட்டு வழக்குப் போடவில்லை. பையனாக இருந்தால் "எங்கள் வாரிசு" என்று வந்திருப்பார்கள் என்பார் ஆயா. வாரிசு என்றால் தூக்கிக்கொண்டு போவது, இல்லையென்றால் பிள்ளையே இல்லை என்பது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: விதை ஆணுடையது, பெண் வெறும் நிலம். இது மனு சொன்னது.

சட்டமும் இதிலிருந்து முழுதாக விடுபடவில்லை. 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் தந்தை, "அவருக்குப் பின்" தாய் என்கிறது. ஐந்து வயது நிறையாத பிள்ளை பொதுவாகத் தாயிடம் இருக்கலாம். கீதா ஹரிஹரன் வழக்கில் 1999இல் உச்ச நீதிமன்றம், "அவருக்குப் பின்" என்பதற்கு அவர் இறந்த பின் என்று மட்டும் பொருளல்ல, அவர் பொறுப்பில் இல்லாதபோதும்தான் என்று விளக்கியது. நல்ல விளக்கம்தான். ஆனால் வரிசை மாறவில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு பிள்ளையின் நலனே முதன்மை என்கிறது. வழக்காடும்போது பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

அடுத்தது ஜீவனாம்சம். எனக்கு மாதம் 300 ரூபாய் என்று உத்தரவானது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் அன்று உச்சவரம்பே 500 ரூபாய். 2001 திருத்தம்தான் அதை நீக்கியது. பணம் மூன்று மாதம் வந்தது, பிறகு நின்றது. பாக்கியை வசூலிக்க, அது சேரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் கூலி போகும், பஸ் செலவு தனி. ஒரு கட்டத்தில் விட்டுவிட்டார். இன்று அந்தப் பிரிவு புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாகியிருக்கிறது. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம், இருவரும் வருமானம், சொத்து பற்றிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டும், மனு போட்ட நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிட வேண்டும் என்றது. ஆனால் சம்பளச் சீட்டே இல்லாத வருமானத்தை ஒரு கூலிப் பெண் எப்படி நிரூபிப்பார்?

பிறகு சாதிச் சான்றிதழ். பத்தாம் வகுப்பு முடித்துப் போனபோது, "அப்பா சான்றிதழைக் கொண்டு வா" என்றார்கள். காலனியில் வளர்ந்தேன். ஊர்த்தெருக் கடையில் என் கையில் படாமல் மிச்சக் காசைப் போட்டார்கள். காகிதத்தில் மட்டும் நான் அப்பா சாதி! கலப்பு மணப் பிள்ளைகளுக்குப் பெற்றோரின் அறிவிப்பின்படி தாய் அல்லது தந்தையின் சாதியைத் தரலாம் என்ற தமிழ்நாடு அரசாணை 1975லேயே வந்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொல்லவும் இல்லை. இரண்டு ஆண்டு அலைந்துதான் வாங்கினோம். ரமேஷ்பாய் நாயக்கா வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம், தந்தையின் சாதிதான் என்பது முடிந்த முடிவல்ல, தாயின் சமூகத்தில் வளர்ந்து அதே இழிவுகளை அனுபவித்ததைப் பிள்ளை நிரூபிக்கலாம் என்றது. நிரூபிக்கும் சுமை இன்றும் பிள்ளையின் தலையில்தான்.

நாம் என்ன செய்யலாம்? திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடும் நாம், வாய்தாவுக்கும் உடன் போகலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் கிடைப்பார் என்று சொல்லலாம். பெற்றோர் சேர்ந்திருக்கும்போதே பிள்ளையின் சான்றிதழை வாங்கிவைக்கச் சொல்லலாம்.

கடைசியாக, நம் தோழர்களிலேயே மேடையில் பெரியாரைப் பேசிவிட்டு ஜீவனாம்சப் பாக்கி வைத்திருப்பவர்கள் உண்டு. அந்தப் பணம் மனைவிக்குப் போடும் பிச்சையல்ல, பிள்ளையின் சோறு. அதை இயக்கக் கூட்டங்களில் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பணம் மட்டும் போதாது. மாதம் ஒருமுறை அப்பா என் பள்ளி வாசலில் வந்து நின்றிருந்தால் நான் ஓடிப் போயிருப்பேன். அம்மாவும் தடுத்திருக்க மாட்டார். அவர் வரவில்லை. நீங்கள் போங்கள்.