கிப்பர் கிராமத்துக் குளிர்காலம்

மார்கழி விடியற்காலையில் கிண்டி ரயில் நிலையத்துக்குப் போனால் குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக ஒரு கூட்டம் நிற்கும். வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்காது. அதே மாதத்தில், இமாசலப் பிரதேசத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் கிப்பரில் ராத்திரிக் குளிர் மைனஸ் 25-ஐத் தொடும்.

கிப்பர் சுமார் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மணாலியிலிருந்து குன்சும் கணவாய் வழியாக வரும் சாலை பனிக்காலம் முழுக்க மூடிக் கிடக்கும். கின்னௌர் வழிதான் கதி, அதுவும் பனி விட்ட வழி.

குளிர்காலத்தில் இவர்களுக்கு என்ன வேலை? கோடையில் சேர்த்ததைக் கணக்குப் பார்த்துச் செலவழிப்பதுதான். வருஷத்துக்கு ஒரே போகம். பச்சைப் பட்டாணியை விற்றுக் காசாக்குவார்கள், பார்லி வீட்டுக்கு. அதை வறுத்து அரைத்த மாவுக்கு சாம்பா என்று பெயர். உப்பும் வெண்ணெயும் போட்ட டீயில் பிசைந்து, சத்துமாவு உருண்டை மாதிரி வாயில் போட்டுக்கொள்கிறார்கள்.

மரம் அரிதான ஊர் என்பதால் வரட்டிதான் சொத்து. தட்டையான மண் கூரையின் விளிம்பில் சுள்ளியும் புல்லும் அடுக்கியிருக்கும். கீழ்த்தளத்தில் ஆடுமாடுகள், அவற்றின் சூடு மேலே ஏறும். நடு அறையில் புகைக்குழாய் வைத்த தகர அடுப்பு. குளிர் முற்றினால் குடும்பம் மொத்தமும் அந்த ஓர் அறைக்குள் வந்துவிடும். சமையல், சாப்பாடு, கம்பளி நூற்பது, தூக்கம் எல்லாம் அடுப்பைச் சுற்றியே.

குழாய் உறைந்துபோனால் பனியை அள்ளி உருக்க வேண்டும். ஒரு குடம் புதுப்பனி உருகினால் கால் குடம்கூடத் தேறாது! உருக்கினாலும் அந்த உயரத்தில் தண்ணீர் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் சோறு வேகாது. வெறும் குளிர் என்று பார்த்தால், ரஷ்யாவின் ஒய்மியாகோனில் 1933-ல் மைனஸ் 67.7 டிகிரி பதிவானது. ஆனால் அது தாழ்வான ஊர், அங்கே சோறு வேகும், மூச்சும் வாங்காது.

பனி கொட்டினால் உடனே கூரையேறித் தள்ளிவிட வேண்டும். விட்டால் உருகி வீட்டுக்குள் ஒழுகும். கழிப்பறையில் தண்ணீரே கிடையாது. மேலே ஒரு துளை, பக்கத்தில் மண்குவியல், ஒரு மண்வெட்டி. போய்விட்டு மண்ணைத் தள்ளினால் சரி. கோடையில் அது வயலுக்கு எருவாகிவிடும். முகம் சுளிக்காதீர்கள். நாம் தண்ணீர் ஊற்றும் கழிப்பறையைக் கொண்டுபோய் வைத்தால் முதல் பனியிலேயே குழாய் வெடிக்கும். சுற்றுலாக்காரர்களுக்காகச் சிலர் இப்போது அதைத்தான் கட்டுகிறார்கள். எனக்கு இது புத்திசாலித்தனமாகப் படவில்லை.

பக்கத்து ஊர் சிச்சம், ஒரு பெரும் பள்ளத்துக்கு அந்தப் பக்கம். முன்பெல்லாம் கம்பியில் தொங்கும் கூடையில் உட்கார்ந்து, கயிற்றை இழுத்துக்கொண்டே போக வேண்டும். 2017-ல்தான் பாலம் வந்தது.

பனிச்சிறுத்தை ஒரு யாக் மாட்டை அடித்துவிட்டால் ஒரு குடும்பத்துக்குப் பேரிழப்பு. அதற்காக மைசூருவின் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் துணையோடு ஊர்க்காரர்களே பணம் போட்டு ஒரு கால்நடைக் காப்பீட்டை நடத்துகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் அதே சிறுத்தையைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் வந்து வீடுகளில் தங்குகிறார்கள். வேலையில்லாத மாதங்களில் கையில் கொஞ்சம் காசு.

போக நினைப்பவர்கள் முதலில் ஸ்பிதியிலேயே இருக்கும் காஸா ஊரில் இரண்டு நாள் தங்கி மூச்சைப் பழக்கிக்கொள்ளுங்கள். முதல் தடவையென்றால் ஜூலை, ஆகஸ்ட்டே போதும்.