எழுத வைப்பது பழக்கமே!



எழுத்தாளரை எழுத வைப்பது உணர்ச்சி வேகமா, அன்றாடப் பழக்கமா? எனக்கு முன்னால் பேசிய நண்பர் ரொம்ப அழகா ஒண்ணு சொன்னார். "கற்பனை மழை மாதிரி, வரும்போதுதான் வரும்" என்றார். ஒத்துக்கிறேன். ஆனா நடுவர் அவர்களே, ஏரியைத் தூர் வாரறது யார் வேலை? அதுவும் மழையோட வேலையா? (கைதட்டல்)

எழுத உட்காருகிறவர்களுக்கு விசித்திரமான சடங்குகள் உண்டு. நம்ம ஊரில் கடிதமோ கணக்கோ, எது எழுதினாலும் முதலில் ஒரு பிள்ளையார் சுழி. ஜெர்மன் நாடக ஆசிரியர் ஷில்லர் இன்னும் ஒரு படி மேல. அவரைப் பார்க்கப் போன கவிஞர் கதே, ஆள் இல்லையேன்னு மேசை பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே நாற்றம், தலை சுத்துது. இழுப்பறையைத் திறந்து பார்த்தா, அத்தனையும் அழுகின ஆப்பிள்! அந்த வாசனை இருந்தால்தான் அவருக்கு எழுத்து ஓடும்னு ஷில்லரின் மனைவி விளக்கம் சொன்னாங்களாம். கதேயே பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார். நம்ம வீடா இருந்தா ஆப்பிளோட சேர்த்து ஆளையும் வெளியே வெச்சிருப்பாங்க! (சிரிப்பு)

சிரிச்சாச்சு. இதோட விட்டா எதிரணி தப்பிச்சுக்கும். அதனால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆந்தனி டிராலப் என்று ஓர் ஆங்கில நாவலாசிரியர். 19-ஆம் நூற்றாண்டுக்காரர். 47 நாவல்கள். முழுநேர எழுத்தாளரா? இல்லீங்க, தபால் இலாகாவில் உத்தியோகம். காலை 5.30 மணிக்கு மேசையில் இருக்கணும். எழுப்பிவிட ஒரு வயசான குதிரைக்காரர். அந்த ஒரு வேலைக்காக அவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். வால்தம் கிராஸ் வீட்டில் இருந்த அத்தனை வருஷத்தில் ஒருநாள்கூடக் காப்பி தாமதமாக வந்ததில்லை. தன் வெற்றிக்கு மற்ற எல்லாரையும்விட அந்த மனிதருக்குத்தான் கடன்பட்டிருக்கோமோ என்று சுயசரிதையில் எழுதுகிறார்.

உட்கார்ந்ததும் பேனாவை எடுப்பாரா? மாட்டார். முதல் அரைமணி நேரம், நேற்று எழுதினதைப் படிப்பார். அந்த வாக்கியங்களின் ஓசையைக் காதால் எடைபோட்டுப் பார்ப்பார். பாட்டுக்காரர் சுருதி சேர்க்கிற மாதிரின்னு வெச்சுக்குங்களேன். அப்புறம்தான் எழுத்து. எதிரே கடிகாரம், கால்மணிக்கு 250 சொல். 1882-இல் அவர் மறைந்தார். அடுத்த வருஷம் சுயசரிதை வந்தது. கடிகாரம் பார்த்து எழுதினவன் கலைஞனான்னு பலர் முகம் சுளித்தார்கள். நண்பர் இங்கே கேட்டதும் அதே கேள்விதான்.

அவர் பிறந்த வீட்டைப் பாருங்க, பதில் கிடைக்கும். அம்மா பிரான்சஸ் டிராலப். கணவர் தொட்டதெல்லாம் நஷ்டம். ஐம்பதைத் தாண்டின பிறகு அந்த அம்மா எழுத ஆரம்பிக்கிறாங்க. முதல் புத்தகம் 1832-இல் வருகிறது. 1834-இல் கடனுக்குப் பயந்து குடும்பமே பெல்ஜியத்தில் புரூஜ் நகரத்துக்குப் போனது. அங்கே கணவர் நோயாளி. மகன் ஹென்றிக்குக் காசநோய். மகள் எமிலிக்கும் அதே நோய். அந்த அறையில் மருந்துப் புட்டி ஒரு பக்கம், மைப்புட்டி ஒரு பக்கம். ராத்திரியெல்லாம் கண் விழிப்பு. எழுதினால்தான் வீட்டில் அடுப்பு எரியும். அந்த வருஷக் கடைசியில் ஹென்றி போனான், அடுத்த வருஷம் கணவர். நாவல் நிற்கவில்லை. விடியற்காலை 4 மணிக்கு மேசைக்கு வந்து, ஊர் விழிக்கிறதுக்குள்ள எழுத்து வேலையை முடிக்கிறது அவங்க வழக்கம்.

நடுவர் அவர்களே, அந்தத் தாயிடம் போய், "அம்மா, உணர்ச்சி பொங்கும்போது எழுதுங்க"ன்னு சொல்ல முடியுமா? உணர்ச்சிக்கா அங்கே பஞ்சம்? அந்த உணர்ச்சி அழ வைக்கும் ஐயா, எழுத வைக்காது. எழுத வைத்தது அந்த 4 மணி. (பலத்த கைதட்டல்)

பழைய கதைன்னு நினைக்க வேண்டாம். 1993-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்க எழுத்தாளர் டோனி மாரிசன், பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டே இரண்டு ஆண் பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். பிள்ளைகள் "அம்மா"ன்னு கூப்பிடறதுக்கு முந்தின நேரம்தான் அவருடைய நேரம். இருட்டோட எழுந்து, காப்பி போட்டு, வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டே குடிப்பார். பிள்ளைகள் வளர்ந்த பிறகும் அந்தக் காப்பி நிற்கவில்லை. அது தனக்கொரு சடங்கு என்பதே ஒரு தோழியிடம் பேசும்போதுதான் அவருக்குப் புரிந்ததாம்.

காப்பி குடிச்சவங்க எல்லாரும் நோபல் வாங்க முடியாதுன்னு எதிரணி சொல்லும். எனக்கும் தெரியும், நான் நாளைக்கு நாலு டம்ளர் குடிக்கிறவன். (சிரிப்பு) திறமை வேண்டாம்னு நான் சொல்லலை. மனநிலை வரட்டும்னு காத்திருக்கிற வசதி யாருக்கு உண்டுன்னுதான் கேட்கிறேன். சமைச்சுப் போட ஆள் இருக்கிறவருக்கு உண்டு. ஆபீசுக்கு ஓடுகிறவருக்கும், பிள்ளைக்குத் தலைவாரி அனுப்புகிறவருக்கும் ஏது?

அடுத்துப் பேச வரும் சகோதரி என்கூட ஒரே ரயிலில்தான் வந்தார். காலையில் முகம் கழுவி, பொட்டு வைத்து, நோட்டைத் திறந்து குறிப்பு எழுத ஆரம்பித்தவர் எழும்பூர் வரைக்கும் நிமிரவே இல்லை. அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு நடுவர் அவர்கள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.