தாளவாடி: மலைக்கு மேல ஒரு கன்னடத் தாலுகா

(ஒலி அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)

ஆர்.எஸ்.புரத்துல இருந்து பேசறேன். இன்னைக்கு நம்ம கொங்கு நாட்டுக்குள்ளயே இருக்கற, ஆனா நம்மள்ல நிறையப் பேரு எட்டிப் பாக்காத ஒரு ஊரைப் பத்திப் பேசலாம்னு இருக்கேன். தாளவாடி.

காந்திபுரத்துல மைசூர் பஸ் ஏறுனீங்கன்னா அன்னூர், புளியம்பட்டி, சத்தியமங்கலம், பண்ணாரின்னு போகும். பண்ணாரி அம்மன் கோயில் தாண்டுனதும் மலை ஆரம்பம். 27 கொண்டை ஊசி வளைவு ஏறுனா திம்பம். அப்புறம் ஆசனூர். அங்கிருந்து இன்னும் கொஞ்ச தூரம் போய்ப் பிரிஞ்சீங்கன்னா, காடு விலகி ஒரு சமவெளி வரும். ராகி, மக்காச்சோளம், முட்டைக்கோஸ், பீட்ரூட், உருளைக்கிழங்கு, பூண்டு, செண்டுமல்லி. நீங்க நேத்து வாங்குன முட்டைக்கோஸ் அங்க விளைஞ்சதாக்கூட இருக்கலாம்.

நிலத்தோட அமைப்பைக் கவனிக்கணும். தாளவாடி இருக்கறது மைசூர் பீடபூமியோட தெற்கு ஓரத்துல. ஒரு பக்கம் சாம்ராஜ்நகர். அதுக்குப் போக மலை இறங்க வேண்டியதில்ல, தூரமும் கம்மி. இன்னொரு பக்கம் சத்தியமங்கலம். அதுக்குக் காட்டைத் தாண்டி, 27 வளைவு இறங்கணும். மாவட்டத் தலைநகர் ஈரோடு நூறு கிலோமீட்டருக்கு மேல. ஆக, தண்ணி சரியற மாதிரி மக்களோட சந்தையும் சம்பந்தமும் வடக்காலயே சரியும். சர்க்கார் மட்டும் தெக்கால இருக்குது.

இது எப்படி ஆச்சு? இங்கிலீஷ்காரன் காலத்துல கொள்ளேகால், தாளவாடி எல்லாமே கோயமுத்தூர் ஜில்லாதான். 1956 நவம்பர் 1, மொழிவாரியா மாநிலம் பிரிச்சப்போ கொள்ளேகால் மைசூர் மாநிலத்துக்குப் போச்சு. தாளவாடி நம்மகிட்டயே நின்னுச்சு. 1979-ல ஈரோட்டைத் தலைநகரா வெச்சுப் பெரியார் மாவட்டம் பிரியற வரைக்கும் தாளவாடிக்காரங்களுக்குக் கலெக்டர் ஆபீஸ் கோயமுத்தூர்தான். அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் சத்தியமங்கலம் தாலுகாவுல ஒரு பகுதியா இருந்து, 2016-லதான் தனித் தாலுகா ஆச்சு. சட்டமன்றத்துக்குப் பவானிசாகர் தொகுதி, நாடாளுமன்றத்துக்கு நீலகிரித் தொகுதி. கலெக்டர் ஒரு திசையில, எம்.பி. தொகுதிப் பேரு இன்னொரு திசையில.

அங்க பெரும்பாலான வீட்டுல பேசறது கன்னடம். லிங்காயத்துக்காரங்க நிறைய. காட்டை ஒட்டிச் சோளகர், ஊராளி மக்கள். தமிழ் பேசறவங்களும் இருக்காங்க. கன்னட நடிகர் ராஜ்குமாரோட சொந்த ஊர் காஜனூர் இங்கதான். 2000 ஜூலை 30-ந்தேதி ராத்திரி வீரப்பன் அவரைக் கடத்துனது அந்த வீட்டுல இருந்துதான். 108 நாள் ரெண்டு மாநிலமும் தூங்கல. வெளி உலகத்துக்குத் தாளவாடின்னா அந்த ஒரு சேதிதான். அங்க இருக்கற மக்களுக்குத் தினசரிச் சேதி வேற.

ஒரு தடவை நான் தாளவாடியில இருந்து பஸ்ல திரும்பிட்டு இருந்தேன். பக்கத்துல ஒரு பாட்டி. மடியில இருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டி, "ஓதி ஹேளப்பா"ன்னாங்க. படிச்சுச் சொல்லப்பான்னு அர்த்தம். ஏதோ ஒரு ஆபீஸ்ல இருந்து வந்தது. முதியோர் உதவித்தொகை சம்பந்தமா, இன்ன ஆவணத்தை இன்ன தேதிக்குள்ள கொண்டுவரணும்னு தமிழ்ல இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரிஞ்சுது, கன்னடத்துல சொல்லத் தெரியல. அவங்களுக்கு நான் சொன்ன தமிழ் பாதிதான் புரிஞ்சுது. கடைசியில கண்டக்டர் வந்து, சீட்டுக் கம்பியில சாஞ்சு நின்னு, வரி வரியா கன்னடத்துல சொன்னாரு. தேதி முடிஞ்சு நாலு நாள் ஆயிருந்துச்சு. யாரைப் போய்ப் பாக்கணும்னும் அவரே சொல்லி அனுப்புனாரு.

அன்னைக்கு எனக்குப் பட்டது இதுதான். அந்தக் காகிதத்தை எழுதுனவங்க தப்பான காரியம் எதுவும் செய்யல. மாநிலத்தோட ஆட்சிமொழியில சரியாத்தான் எழுதியிருந்தாங்க. ஆனா அது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரல.

இதுக்கு விதி இல்லையான்னா, இருக்குதுங்க. 1956-லயே மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள்னு மத்திய அரசு ஒரு குறிப்பாணை போட்டுச்சு. ஒரு நகராட்சியிலயோ தாலுகாவுலயோ மக்கள்தொகையில நூத்துக்கு 15-ல இருந்து 20 பேரு சிறுபான்மை மொழி பேசுனா, முக்கியமான அறிவிப்பு, விதியெல்லாம் அந்த மொழியிலயும் வெளியிடறது நல்லதுன்னு அதுல இருக்கு. அந்த மொழியையே மாவட்ட ஆட்சிமொழி ஆக்கறதுக்கு மாவட்டம் முழுக்கவும் சேர்த்து 70 சதவீதம் வேணும். ஈரோடு மாவட்டம் முழுசையும் வெச்சு எண்ணுனா, தாளவாடிக் கன்னடம் அந்தக் கணக்குல கரைஞ்சு போயிரும். தாலுகாவை வெச்சு எண்ணுனாத்தான் தெரியும். அதனாலதான், 2016-ல தனித் தாலுகா ஆனது வெறும் கட்டடம் கட்டுன சமாச்சாரம் இல்லைங்கறேன். எண்ணற கூடை மாறுனா எண்ணிக்கையும் மாறும்.

அதே குறிப்பாணை இன்னொன்னும் சொல்லுது. அரசு வேலைக்கு ஆள் எடுக்கறப்ப மாநில மொழித் தேர்வை முன்னாடியே வெச்சுத் தடுக்காதீங்க, தேர்ந்தெடுத்த பிறகு, தகுதிகாண் பருவம் முடியறதுக்குள்ள வெச்சுக்கங்கன்னு. நம்ம மாநிலத்துல 2021 டிசம்பர்ல வந்த அரசாணைப்படி, அரசுப் பணித் தேர்வுல தமிழ்த் தாள்ல 40 சதவீதம் எடுத்தாத்தான் மத்தத் தாளையே திருத்துவாங்க. தமிழ் தெரியாத ஆளு தமிழ்நாட்டு ஆபீஸ்ல உக்காரக் கூடாதுங்கறது நியாயம். நானும் ஒத்துக்கறேன். ஆனா தாளவாடியில கன்னட வழியில படிச்ச பொண்ணு ஒன்னு, தன் ஊருலயே கிராம நிர்வாக அலுவலர் ஆகணும்னு ஆசைப்பட்டா? முதல் படியிலயே நின்னுரும். கடைசியில கன்னடம் தெரியாத ஒருத்தர் கீழிருந்து மேல போவாரு, ஒரு வருஷத்துல மாறுதல் கேப்பாரு.

வெளியூர்ல எப்படிச் செய்யறாங்கன்னும் பாக்கலாம். கனடாவுல ஒன்டாரியோ மாகாணம் முழுக்க ஆங்கிலந்தான். ஆனா கிழக்கு மூலையில பிரெஸ்காட்-ரஸ்ஸல்னு ஒரு கிராமப்புறக் கவுண்டி. தாளவாடி மாதிரியே அதுவும் ஒரு எல்லைப்புறம், கியூபெக்கை ஒட்டுனது. பாதிக்கு மேல பிரெஞ்சு பேசறவங்க. 1986-ல ஒன்டாரியோ ஒரு சட்டம் போட்டுச்சு. ஒரு பகுதியில 10 சதவீதம் பிரெஞ்சு பேசறவங்க இருந்தா, அதைக் குறிப்பிட்ட பகுதியா அறிவிச்சு, மாகாண அரசோட சேவையைப் பிரெஞ்சுலயும் கொடுக்கணும். அதுக்காக மாகாணம் பிரியல, ஆங்கிலமும் அழியல.

அவ்வளவு தூரம் எதுக்கு? பக்கத்துல கேரளா. 1969-ல வந்த அவங்க ஆட்சிமொழிச் சட்டத்துல, தமிழ், கன்னடம் பேசற சிறுபான்மையினர் அரசோட அவங்க மொழியிலயே கடிதப் போக்குவரத்து வெச்சுக்கலாம்னு இடம் குடுத்திருக்காங்க. தேவிகுளத்துலயும் பீர்மேட்டுலயும் இருக்கற தமிழருக்கு இது சரியா நடக்கலீன்னா நாம கோவப்படறோம். படணும். அதே அளவுகோலைத் தாளவாடிக்கும் வெக்கணும் இல்லீங்களா?

மொழியோட தூரமும் சேருது. சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் 2013-ல வந்துச்சு. 2022 பிப்ரவரி 10-ல இருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி, பண்ணாரி-திம்பம் ரோட்டுல ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை. வண்டியில அடிபட்டுச் சாகற விலங்குகளை நெனச்சா அதுவும் தேவைதான். ஆம்புலன்ஸுக்கு விலக்கு இருக்கு. இருந்தாலும் காய் ஏத்துன லாரி நேரம் பாத்துத்தான் மலை இறங்கணும். ராத்திரி நெஞ்சு வலின்னா வீட்டுக்காரங்க மனசு முதல்ல நெனைக்கறது சாம்ராஜ்நகரைத்தான். மாநிலம் மாறுனா மருந்துச்சீட்டு மாறும், காப்பீட்டு அட்டையும் யோசிக்க வெக்கும்.

அங்கிருந்து சில அமைப்புகள் அப்பப்போ, தாளவாடி எங்களுக்குத்தான்னு குரல் குடுப்பாங்க. இங்கிருந்து நாமும் விட மாட்டோம்னு பதில் குடுப்போம். நான் பேசுன ஊர்க்காரங்க யாரும் எல்லையை மாத்தச் சொல்லல. அவங்க கேட்டது சின்னச் சின்ன விஷயம். வர்ற கடுதாசி ரெண்டு மொழியிலயும் வரட்டும். மேல வேலைக்கு வர்ற நர்ஸம்மா, வி.ஏ.ஓ., போலீஸ் நாலு வார்த்தை கன்னடம் கத்துட்டு வரட்டும். கன்னடப் பள்ளிக்கூடத்துல கன்னட வாத்தியார் இடம் காலியா இருக்கக் கூடாது, தமிழ் சொல்லிக் குடுக்கற நல்ல வாத்தியாரும் இருக்கணும். கடைசியில சொன்னதை ரெண்டு பேரு எங்கிட்ட அழுத்திச் சொன்னாங்க: "எங்க புள்ளைங்களுக்குத் தமிழும் வேணுங்க."

அடுத்த தடவை மைசூர் பஸ்ல போறப்ப, ஒரு நாள் ஆசனூர்ல இறங்கித் தாளவாடி வரைக்கும் போயிட்டு வாங்க. அந்த வழியில டிக்கெட்டும் கிழிச்சு, சர்க்கார் கடுதாசியும் படிச்சுச் சொல்ற கண்டக்டரைப் பாத்தீங்கன்னா, அவருக்கு ஒரு வணக்கம் சொல்லுங்க. அவருக்குச் சம்பளம் முதல் வேலைக்கு மட்டுந்தான். ரெண்டாவது வேலை நாம செய்ய வேண்டியது.

அடுத்த அத்தியாயத்துல பாக்கலாமுங்க.