பள்ளிச்சந்தமும் அரசியல் சாசனமும்



தமிழகத்துக் கல்வெட்டுகளில் 'பள்ளிச்சந்தம்' என்னும் சொல் பலவிடங்களில் காணப்படுகிறது. சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அறமாக விடப்பட்ட நிலத்தை அது குறிக்கும். அத்தகைய நிலங்களுள் பல இறையிலியாகவே அளிக்கப்பெற்றன. அறக்கொடைகளைப் பொறித்த கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில், இவ்வறத்தைக் காப்பவருடைய திருவடி தன் தலைமேல் இருப்பதாக என்று கொடையாளி வேண்டிக்கொள்ளும் வாசகம் வரும். அறத்தை அழிப்பவருக்கு நேரும் பாவமும் சொல்லப்பட்டிருக்கும்.

அந்த வேண்டுதலுக்குக் காரணம் உண்டு. ஒரு மன்னன் அளித்ததை அடுத்து வரும் மன்னன் பறித்தால், முறையிடுவதற்கு வேறிடம் இல்லை. அறம் அந்நாளில் அரசனது அருளை நம்பி நின்றது. 1950 சனவரி 26 அன்று அந்நிலை மாறியது. அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 25ஆவது உறுப்பு ஒவ்வொரு மனிதனுக்கும் மனச்சான்று உரிமையையும், தன் சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையையும் அளித்தது. 26ஆவது உறுப்பு சமயப் பிரிவுகளுக்குத் தம் சமயக் காரியங்களைத் தாமே நடத்தவும், சொத்து வைத்திருக்கவும், அச்சொத்தைச் சட்டப்படி நிருவகிக்கவும் உரிமை வழங்கியது. அருளாக இருந்தது உரிமையாயிற்று.

எனினும், 'சட்டப்படி' என்னும் அந்த ஒரு சொல்லின் பொருள் என்ன? அறக்கொடைகளைப் பற்றி மத்திய அரசும் சட்டம் இயற்றலாம். மாநில அரசும் இயற்றலாம். மாநிலச் சட்டமன்றம் தான் விரும்பியவாறெல்லாம் சட்டம் செய்யுமாயின், ஒரு கையால் கொடுத்த உரிமையை மறு கையால் எடுத்துக்கொண்டதாகாதா? இவ்வினா குடியரசின் தொடக்க ஆண்டுகளிலேயே எழுந்தது. அதனை எழுப்பியவர்களுள் ஒருவர் சமணக் கோயில் ஒன்றின் மேலாளர் என்பது இவ்விழா மண்டபத்தில் நினைக்கத்தக்கது.

பம்பாய் மாநிலம் 1950ஆம் ஆண்டில் பொது அறக்கட்டளைச் சட்டத்தை இயற்றியது. அது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவானது. அறக்கட்டளைகளைப் பதிவு செய்தல், கணக்கு எழுதுதல், தணிக்கை செய்வித்தல் ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. கோயிற் பொருளைத் தம் பொருளாகக் கருதிய அறங்காவலர்கள் எல்லாச் சமயங்களிலும் இருந்தமையால், அச்சட்டத்திற்கு நியாயமான காரணமும் இருந்தது. ஆனால் அதே சட்டம், அறக்கட்டளை ஆணையர் என்னும் அரசு அலுவலரையே ஓர் அறநிலையத்தின் ஒரே அறங்காவலராக நீதிமன்றம் அமர்த்துவதற்கும் இடமளித்தது. ஒரு நோக்கத்திற்காக அளிக்கப்பட்ட பொருளை வேறு நோக்கத்திற்குத் திருப்பிவிடவும் வழி செய்தது.

இதனை எதிர்த்து, இரத்திலால் பானாசந்த் காந்தி என்னும் அந்த மேலாளர் வழக்குத் தொடுத்தார். பார்சி பஞ்சாயத்தின் அறங்காவலர்களும் தனியே வழக்காடினர். இரு மேல்முறையீடுகளும் உச்சநீதிமன்றத்தில் ஒன்றாகக் கேட்கப்பட்டன. 1954ஆம் ஆண்டு மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. சென்னை மாநிலத்தின் 1951ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தை எதிர்த்து உடுப்பி சீரூர் மடத்தின் தலைவர் தொடுத்த வழக்கும் அக்காலத்தில்தான் முடிவு பெற்றது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர், பின்னர்த் தலைமை நீதிபதியான பி. கே. முகர்ஜி.

அத்தீர்ப்புகள் ஒரு தெளிவான கோட்டை வரைந்தன. சமயம் என்பது உள்ளத்து நம்பிக்கை மட்டுமன்று. அந்நம்பிக்கையின் வழி நிகழும் சடங்கும் வழிபாடும் சமயமே. எந்நாளில் எந்தப் பூசை, எம்முறையில் அபிடேகம் என்பவற்றைச் சமயத்தாரே முடிவு செய்வர். இது சமயத்திற்கு இன்றியமையாதது, இது அன்று என்று வெளியார் எவரும் சொல்ல இயலாது. ஆனால் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதும், வாடகை வாங்குவதும், வரவு செலவு எழுதுவதும் உலகியல் நிருவாகம். அதனைச் சட்டம் ஒழுங்குபடுத்தலாம். ஒழுங்குபடுத்தலாமேயன்றி, நிருவாகத்தை அடியோடு பறித்து வேறொருவர் கையில் ஒப்படைக்க இயலாது.

இக்கோட்டின்படி, சமய அறநிலையத்திற்கு ஆணையரையே அறங்காவலராக்கும் விதி செல்லாதாயிற்று. பொருளைத் திருப்பிவிடும் விதியும் வீழ்ந்தது. கொடையாளியின் நோக்கம் நிறைவேற்ற இயலாததாகிவிட்டால், அதற்கு மிக நெருங்கிய நோக்கத்திற்குப் பயன்படுத்தலாம். நோக்கம் உயிரோடு இருக்கும்போது, அதைவிட இது நன்று என்று சொல்லி மாற்றலாகாது.

இதன் அருமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஒரு மூதாட்டி தம் இரண்டு ஏக்கர் நிலத்தைச் சினாலயத்து நந்தா விளக்கிற்கென எழுதி வைக்கிறார். அந்நிலத்து வருவாயில் ஊருக்குச் சாலை போடலாம், சாலையும் நல்லதே. ஆயினும் அது அம்மூதாட்டியின் கொடையன்று. தன் பொருளை எந்த அறத்திற்கு ஈவது என்பதைத் தானே தேர்வது தனிமனித உரிமை. கொடுத்தவர் மறைந்த பின்னும் சட்டம் அவ்வுரிமையைக் காக்கிறது.

மறுபுறம், பதிவும் கணக்கும் தணிக்கையும் செல்லும் என்றே உச்சநீதிமன்றம் கூறியது. ஆணையத்தின் பணிக்கெனப் பெறும் கட்டணமும் செல்லும் என்றது. சீரூர் வழக்கிலோ, சென்னைச் சட்டம் விதித்த பங்களிப்புத் தொகை வரியின் தன்மை உடையது என்று நீக்கப்பட்டது.

தமிழ்ச் சமணர் அறியவேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. தமிழ்நாட்டின் 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டம், சமண அறநிலையங்களைத் தன் வரம்பிலிருந்து விலக்கி வைத்துள்ளது. அதே சட்டத்தின் 2ஆவது பிரிவு, அரசு விரும்பினால் ஓர் அறிவிக்கையின் வாயிலாக அச்சட்டத்தின் விதிகளைச் சமணப் பொது அறநிலையங்களுக்கும் விரிவுபடுத்தலாம் என்கிறது. கதவு சாத்தியிருக்கிறது, தாழிடப்படவில்லை. 2014 சனவரி 27 அன்று மத்திய அரசு சமணரைச் சிறுபான்மைச் சமயத்தாராக அறிவித்தது இக்கதவைத் தாழிட்டுவிட்டது என்று எண்ணுவோர் உளர். அவ்வறிவிப்பின் பயன் கல்வி நிலையம், நலத்திட்டம் முதலியவற்றைச் சார்ந்தது. கோயிற் சொத்தைக் காப்பது 26ஆவது உறுப்பே. அது பெரும்பான்மை, சிறுபான்மை பார்ப்பதன்று.

அந்தக் கதவின் சாவி எங்கே இருக்கிறது? சமணர் கையிலேயே இருக்கிறது. அரசு தலையிடுவதற்குச் சொல்லும் முதற்காரணம் எப்போதும் கணக்குக் குழப்பமே. சிற்றூர்களில் சமணக் குடும்பங்கள் குறைந்து வருகின்றன. வேலைக்காகப் பிள்ளைகள் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். கோயில் நிலத்தின் பட்டா யார் பெயரில் உள்ளது, குத்தகை எவ்வளவு, நகைகள் எத்தனை என்பவை ஓரிரு முதியவர்களின் நினைவில் மட்டுமே தங்கியிருந்தால், அவர்களுக்குப் பின் அவ்வறம் யாரிடம் முறையிடும்? தீர்ப்பு சட்டத்தைத் தடுக்கும், மறதியைத் தடுக்காது.

கள்ளாமையும் மிகுபொருள் விரும்பாமையும் இல்லறத்தாரின் அணுவிரதங்கள். கோயிற் பொருளைத் தொடாதிருப்பது அவற்றின் ஒரு பாதி. அப்பொருள் இன்னதென எழுதி, ஆண்டுதோறும் பர்வ நாளொன்றில் ஊரார் முன் படிப்பது மற்றொரு பாதி. ஆவணங்களுக்குப் படியெடுத்து வைத்தலும், தணிக்கை செய்வித்தலும், இளைஞர் ஒருவரையேனும் அறங்காவல் குழுவில் சேர்த்தலும் அரசுக்கு அஞ்சிச் செய்யும் காரியங்கள் அல்ல. தன்னைத் தானே அடக்கியாள்பவனைப் பிறர் அடக்கவேண்டுவதில்லை என்பது சமண நெறி. அது மனிதனுக்கு மட்டுமன்றி அறக்கட்டளைக்கும் பொருந்தும்.

முன்னோர் கல்லில் பொறித்து வைத்த வேண்டுதல் இன்னும் காத்திருக்கிறது. இவ்வறத்தைக் காப்பவர் யார் என்று அது கேட்கிறது. அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் உரிமையைச் சாசனம் தந்திருக்கிறது. விடை சொல்லும் கடமை இவ்வவையோருடையது.

வாழ்க அருகன் அறம்! வளர்க எவ்வுயிர்க்கும் இன்பம்!