முள்ளும் மூட்டும்



எங்கள் ஆதம்பாக்கத்தில் வெறுங்காலுடன் ஓடியாடும் சிறுவனுக்கு முள் தைத்தால் வீட்டார் பெரிதும் கலங்குவதில்லை. இரண்டொரு நாளில் அவ்விடம் சிவந்து, வீங்கிச் சீழ் கட்டும், முள் வெளியேறும், புண்ணும் ஆறும். கிருமிகளோடு போரிட்டு மாண்ட வெள்ளையணுக்களின் குவியலே பெரும்பாலும் அந்தச் சீழ். இவ்வணுக்கள் கிருமிகளை விழுங்குவதை 1880களில் எடுத்து விளக்கிய ருஷ்ய அறிஞர் மெச்னிகாவ், 1908-ல் நோபல் பரிசு பெற்றார்.

அதே ஆதம்பாக்கத்தில், முழங்காலில் உலோக மூட்டுப் பொருத்திக்கொண்டு நந்தீஸ்வரர் கோயிலுக்கு நடந்து செல்லும் மூதாட்டியரையும் காண்கிறேன். அம்மூட்டும் உடலுக்கு அந்நியப் பொருளே. ஆயினும் அது முள்ளைப்போல் வெளியேறலாகாது. நிலைத்து நிற்க வேண்டும். சிக்கல் இங்கேதான் பிறக்கிறது.

1957-ல் எலெக், கோனென் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனிதத் தோலில் சீழ் உண்டாக்க ஸ்டாபிலோகாக்கஸ் கிருமிகள் பத்து இலட்சத்துக்கும் மேல் தேவைப்பட்டன. ஆனால், கிருமி ஒட்டிய பட்டு நூலைத் தோலில் தைத்தபோது சில நூறே போதுமாயிருந்தன!

காரணம் என்ன? அந்நியப் பொருளில் இரத்தக் குழாய் இல்லை. அதில் ஒட்டிய கிருமிகள் பெருகித் தம்மைச் சுற்றிப் பிசின் போன்ற படலத்தை அமைத்துக்கொள்கின்றன. வெள்ளையணுவோ விழுங்க இயலாத அப்பெரும் பரப்போடு மல்லாடி, கிருமிகளுக்கென வைத்திருந்த நஞ்சை வெளியே கொட்டிச் சோர்ந்துபோகிறது. அந்நஞ்சு நம் திசுவையே புண்படுத்துகிறது. படலத்தினுள் மந்தமாய்க் கிடக்கும் கிருமிகளை மருந்தும் எளிதில் கொல்வதில்லை.

1987-ல் கிரிஸ்டினா என்னும் அமெரிக்க மருத்துவர் இதனைப் பரப்பைப் பிடிக்கும் பந்தயம் என்றார். நம் திசு முந்தினால் கிருமிக்கு இடமில்லை. கிருமி முந்தினால் நமக்கு இடர்ப்பாடு. இதனாலேயே கத்தி வைப்பதற்கு முன்னரே கிருமிக்கொல்லி மருந்தை ஊசிவழி செலுத்துகின்றனர்.

உங்கள் இல்லத்துப் பாட்டியாரின் செயற்கை மூட்டு சிவந்து சூடேறினாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது நோயை மறைக்கும். எந்தக் கிருமி என்று கண்டறிவதையும் கடினமாக்கும். அறுவை செய்த மருத்துவரிடம் அன்றே அழைத்துச் செல்லுங்கள். படலம் முதிருமுன் மூட்டினைத் திறந்து கழுவிக் காத்துவிடக் கூடும். நாள் கடந்தால் அதனை அகற்றவே நேரிடலாம். முள்ளை வெல்லும் உடலுக்கு, மூட்டைக் காக்க நம் விழிப்பும் துணை வேண்டும்.