கடைமடையில் ஒரு கண்



காவிரியும் வெண்ணாறும் கொள்ளிடமும் கல்லணைக் கால்வாயும் பிரியும் கல்லணையில் ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீர் எத்தனை அடி நிற்கிறது என்று அளவுகோலில் பார்க்கிறார். வந்த உத்தரவோடு ஒப்பிடுகிறார். குறைந்தால் ஏற்றுகிறார், மிகுந்தால் இறக்குகிறார், மறுபடியும் பார்க்கிறார். இதே காரியத்தைத்தான், விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை, கம்ப்யூட்டரால் இயங்கும் லேத்துக்குள் என்கோடர் என்னும் கண்ணும் செர்வோ டிரைவ் என்னும் கையும் செய்துகொண்டிருக்கின்றன.

 இவற்றில் எனக்குப் பிரியமானது அந்தக் கண்தான்.

உளியை நகர்த்தும் மோட்டாரின் முதுகில், மெல்லிய கோடுகள் பொறித்த ஒரு சிறு கண்ணாடித் தட்டு சுழல்கிறது. கோடுகளின் ஊடே ஒளி விட்டுவிட்டு வருவதை இரண்டு ஒளிக்கண்கள் எண்ணுகின்றன. ஒரு கண்ணை மற்றதிலிருந்து, கோட்டுக்குக் கோடு உள்ள தூரத்தில் கால் பங்கு தள்ளி வைத்திருப்பதால், எது முந்தி இமைத்தது என்பதைக் கொண்டே தட்டு வலமாகச் சுழல்கிறதா, இடமாகவா என்று தெரிந்துவிடுகிறது. என்ன சூட்சுமம், பாருங்கள்! 2500 கோடுகள் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் நான்கு மாற்றங்களாக, ஒரு சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை. மோட்டார் சுழற்ற, ஒரு சுற்றுக்கு உளியை 10 மில்லிமீட்டர் நகர்த்தும் திருகாணியில், ஓர் எண்ணிக்கை என்பது ஒரு மைக்ரான். நம் தலைமயிரோ எழுபது மைக்ரான் பருமன் இருக்கும்.

இத்தனை கூர்மையான கண்ணும் ஏமாறும் என்பதை, தஞ்சாவூருக்கு வெளியே ஒரு சிறு பட்டறையில் நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். பம்பு ஷாஃப்டுகள் ஒன்றுக்கொன்று சிறிது சிறிதாக அளவு மாறி வந்தன. திரையிலோ எண்கள் அப்பழுக்கற்று நின்றன. என்கோடர் கெட்டுவிட்டது, புதிதாக வாங்கவேண்டியதுதான் என்று முதலாளி முடிவே கட்டிவிட்டார். மோட்டாரையும் திருகாணியையும் இணைக்கும் கப்ளிங்கின்மேல், இரண்டுக்கும் குறுக்கே, மார்க்கர் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் பத்து ஷாஃப்ட் கடையச் சொன்னேன். திறந்து பார்த்தபோது அந்தக் கோடு இரண்டாக முறிந்து விலகி நின்றது. கப்ளிங் திருகு தளர்ந்து வழுக்கியிருக்கிறது. மோட்டார் சுழன்றது மெய், என்கோடர் எண்ணியதும் மெய். உளி மட்டும் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. திருகை இறுக்கினோம், புது என்கோடருக்கு வேலையில்லாமல் போயிற்று.

கல்லணையில் திறந்த கன அடியைக் கேட்டுவிட்டுப் பேராவூரணிக் கடைமடைக்காரர் நாற்று விட்டுவிடுவாரா, சொல்லுங்கள்! தம் வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பார்த்த பிறகுதானே விதையைத் தொடுவார்? இதற்காகவே, துல்லியம் மிகுதியாக வேண்டிய யந்திரங்களில், மோட்டாரின் கண் போதாதென்று, நகரும் மேடையிலேயே ஒரு கண்ணாடி அளவுகோலையும் பொருத்துகிறார்கள்.

 ஐ.டி.ஐ.யில் படிக்கும் தம்பிமார்கள், திரை எத்தனை மைக்ரான் சொன்னாலும், கடைந்த உருப்படியை மைக்ரோமீட்டரில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டே அடுத்ததைத் தொடுவார்கள் என்று நம்புகிறேன்.